ஒன்று புள்ளி நான்கு எட்டு வோல்ட்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
14 செப்டம்பர் 2024

பிரவினுக்கு,

இங்கு நானும் உன் அக்கா மாதவியும் குழந்தை மலரும் நலம். உன் நலத்தையும் கேட்பது மரியாதை என்பதால் கேட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டியதில்லை.

முப்பது கிலோமீட்டர் தள்ளி கிள்ளானில் இருக்கிற மைத்துனனுக்குத் தபாலில் கடிதம் போடுகிற ஆள் இந்த மலேசியாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உன் எண்ணை பிளாக் செய்துவிட்டேன். மாதவி போனிலும் செய்யச் சொல்லிவிட்டேன். போனில் பேசினால் நீ பேச்சை மாற்றுவாய். எழுத்தில் இருந்தால் மாற்ற முடியாது.

செவ்வாய்க்கிழமை என் கம்ப்யூட்டர் செத்துவிட்டது. அதற்கு முதல் நாள் இரண்டு முறை நீலத்திரை காட்டி நின்றது. மதர்போர்டு செட்டிங்கிற்குள் போய்ப் பார்த்தேன். புராசஸருக்கு வைத்திருந்த வோல்டேஜ் 1.48. படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு பார். உடனே குறைத்தேன். பயனில்லை, மறுநாள் காலையில் உயிர் வரவில்லை.

ஜூலை 28 அன்று நீதான் வந்தாய். "ஆடி மாசம், உங்களுக்குக் கல்யாண வேலை இல்ல, நான் தூசி தட்டி செட்டிங் பாத்துக் குடுத்துட்டுப் போறேன் மாமா" என்று இளித்துக்கொண்டு வந்தாய். பார்த்துக் கொடுத்த லட்சணம் இது.

புராசஸர் போனதுகூடப் பரவாயில்லை. டெங்கில் ஊர்த் தம்புசாமி மகள் கல்யாணம் செப்டம்பர் ஒன்றாம் தேதி. கேமரா கார்டில் இருந்ததை எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அடுத்த கல்யாணத்துக்காகக் கார்டை அழித்தேன், எப்போதும் செய்வதுபோல. இப்போது டிஸ்கை எடுத்து வேறு மெஷினில் போட்டுப் பார்த்தால், தாலி கட்டுகிற இடம் முழுக்கப் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள். மாப்பிள்ளைக்குக் கை இருக்கிறது, தாலி இருக்கிறது, தலை இல்லை. தம்புசாமிக்கு நான் என்ன பதில் சொல்ல?

நீ சொல்.

சுகுமாறன்


கிள்ளான்,
18 செப்டம்பர் 2024

மாமா அவர்களுக்கு,

நான் நலம். அக்காவையும் மலரையும் மிகவும் கேட்டதாகச் சொல்லவும். உங்களை நான் கேட்கவில்லை.

நான் வைத்தது 1.25. மறுபடியும் எழுதுகிறேன், ஒன்று புள்ளி இரண்டு ஐந்து. மூன்று மணி நேரம் சோதனை ஓட்டி, சூடு எழுபத்தெட்டைத் தாண்டவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் அக்கா போட்ட தேநீரைக் குடித்தேன். படம் எடுத்து வைத்தாயா என்று கேட்பீர்கள். எடுக்கவில்லை. சொந்த அக்கா வீட்டில் வேலை பார்த்துவிட்டுச் சாட்சிக்குப் படம் எடுக்க நான் போலீஸ்காரன் இல்லை.

1.48-ல் அந்தச் சிப்பை நாள் முழுக்க ஓட்டுவது, விரைவுச்சாலையில் முதல் கியரிலேயே நூற்றிருபதில் போவதற்குச் சமம். கொஞ்ச நேரம் போகும். அப்புறம் உள்ளேயே தேயும், தப்புக் கணக்கு போடும், ஏற்றுகிற படத்தைக் கெடுக்கும், கடைசியில் சாகும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கும் தெரியும். இவ்வளவு தெரிந்த நான் அக்கா பிழைக்கிற மெஷினில் அதை வைப்பேனா? அந்தச் சூட்டில் விசிறி கத்தியிருக்குமே, பிளேன் ஏறுகிற மாதிரி. உங்களுக்குக் காது கேட்கவில்லையா?

எனக்குப் பிறகு யாரோ தொட்டிருக்கிறார்கள். யார் என்று உங்கள் வீட்டில் கேளுங்கள்.

பிரவின்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
2 அக்டோபர் 2024

பிரவினுக்கு,

அனைவரும் நலம். மலருக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. உனக்குத் தகவலுக்காக மட்டும்.

எடிட் செய்கிறவன் காதில் ஹெட்போன் இருக்கும் என்பது கூடத் தெரியாமலா நீ பத்து வருஷமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாய்? "உங்கள் வீட்டில் கேளுங்கள்" என்கிறாய். என் வீட்டில் நானும் மாதவியும் ஏழு மாதக் குழந்தையும்தான். மலரை விசாரித்தேன். எச்சில் ஒழுகச் சிரிக்கிறாள். குற்றவாளி மாதிரி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்புசாமி வீட்டுக்குப் போனேன். பெண், மாப்பிள்ளை, சம்பந்தி எல்லாரையும் உட்கார வைத்துவிட்டார். பெரிய டிவியில் அந்தப் பச்சைக் கட்டங்களைப் போட்டார்கள். பெண் அழுதது. சம்பந்தியம்மா, "என்னலா இது, மாப்ள மூஞ்சியே காணோம்!" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். பதினெட்டு வருஷமாகக் கேமரா பிடிக்கிறேன், இப்படித் தலை குனிந்து நின்றதில்லை. என் மைத்துனன் செய்த தவறு என்று சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. தப்பை மற்றவன் தலையில் கட்டுகிறேனாம்.

ஆகவே கேள். தை 20, பிப்ரவரி 2, ஞாயிறு காலை மலருக்குக் காது குத்து. தாய்மாமன் மடி வேண்டும். மாதவியின் சித்தி மகன் வாசு சிரம்பானில் இருக்கிறான். அவனும் முறைக்கு மாமன்தான். அவன் மடியில் வைத்துக் குத்திக்கொள்கிறோம். நீ வர வேண்டாம்.

சுகுமாறன்


கிள்ளான்,
7 அக்டோபர் 2024

மாமா,

நலமும் இல்லை, ஒன்றும் இல்லை. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

அப்பா அம்மா போன பிறகு எனக்கு அக்கா, அக்காவுக்கு நான். அவள் முதல் பிள்ளைக்குக் காது குத்த, வருஷத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு முகம் காட்டுகிற வாசு மடி வேண்டுமா? அது என் மடி. உங்கள் புராசஸரைக் கொண்டுபோய்க் கடலில் போடுங்கள், மடி என்னுடையது.

அந்த 1.48 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இந்த மூன்று வாரமும் யோசித்தேன். உங்களுக்கு யோசனை வரவில்லையா? உங்கள் மதர்போர்டில் செட்டிங்கைச் சேமித்து வைக்க எட்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்றில் நான் வைத்த 1.25. இரண்டில் நீங்கள் அவசர வேலைக்கு வைத்துக்கொள்கிற 1.30. மூன்றில் என்ன இருக்கிறது? 2022-ல் நாம் இரண்டு பேரும் சேர்ந்து சுபாங் ஜெயாவில் கம்ப்யூட்டரை மிஞ்சிய வேகத்தில் ஓட்டுகிற போட்டிக்குப் போனோமே, வாளியில் ஐஸ் தண்ணீர் வைத்துக் குளிர்வித்து நான்கு நிமிஷம் மட்டும் ஓட்டினோமே, அந்த 1.48 செட்டிங். சூடேறினால் வேகத்தைக் குறைக்கிற காவலைக்கூட அணைத்து வைத்த செட்டிங். அது பழைய சிப்புக்கு. சிப்பை மாற்றினீர்கள், மூன்றாம் இடத்தை அழிக்கவில்லை. ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று நீங்கள்தான் அழிக்க விடவில்லை. அன்று என்னை மச்சான் என்று கூப்பிட்டீர்கள்.

யாரோ மூன்றை ஏற்றியிருக்கிறார்கள். நான் இல்லை.

பிரவின்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
1 நவம்பர் 2024

பிரவினுக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. மாதவி முறுக்கு சுட்டாள். உன் பங்கை எதிர்வீட்டு ஆன்டிக்குக் கொடுத்துவிட்டோம்.

உன் கதையைப் படித்தேன். மூன்றாம் இடம், நான்காம் இடம், வாளி, ஐஸ். அழகாக எழுதுகிறாய். ஜூலையில் ஏற்றியவன் நீ, எண்ணை மாற்றி அமுக்கியவனும் நீயாகத்தான் இருக்கும். அவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் நான் ஆராய்ச்சி செய்யப் போவதில்லை.

ஆனாலும் மாதவி இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருப்பதால் ஒரு வழி சொல்கிறேன். கீழே இருப்பதை உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு: "28.7.2024 அன்று சுகுமாறன் அவர்களின் கம்ப்யூட்டரில் நானே கவனக்குறைவாக 1.48 வோல்ட் வைத்தேன். தம்புசாமி வீட்டுக் கல்யாணப் படம் கெட்டதற்கு நானே பொறுப்பு." கடைப் பெயரும் முத்திரையும் வேண்டும். அதைத் தம்புசாமியிடம் காட்டுவேன். வந்தால் மடி உனக்கு. வராவிட்டால் வாசுவுக்கு.

சுகுமாறன்


கிள்ளான்,
5 நவம்பர் 2024

நலம்.

கடை முத்திரை வேண்டுமா? இந்த வட்டாரத்தில் வோல்டேஜ் பார்க்கத் தெரிந்தவன் என்று நாலு பேர் என்னைத் தேடி வருகிறார்கள். எனக்கு இருக்கிற பெயரே அது ஒன்றுதான். அதை நானே எழுதிக் கிழித்துப் போட மாட்டேன். செய்யாத தப்புக்குக் கையெழுத்து கிடையாது.

வாசுவுக்கு வேட்டி எடுத்து வையுங்கள்.

பிரவின்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
24 நவம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? சளி விட்டதா? வேளைக்குச் சாப்பிடு, கடையில் நின்றுகொண்டே ரொட்டியைக் கடித்துவிட்டு இருக்காதே. மலர் இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் போனை அவர் எடுத்துப் பார்ப்பார், அதனால் இந்தக் கடிதம். குழந்தைக்கு ஊசி போடக் கிளினிக் போகிற வழியில் தபாலில் போடுகிறேன். பதில் எழுதாதே.

நீ கடைசியாக அவருக்கு எழுதியதை நானும் படித்தேன். உனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த மூன்றாம் இடத்தை ஏற்றியது நான். ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. அவர் வேறு கல்யாணத்தில் இருந்தார். தம்புசாமி வீட்டு நிச்சயதார்த்தப் படம் மாலைக்குள் முடிய வேண்டும், மெஷின் மெதுவாக ஓடியது. மலரை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் அமுக்கினேன். விசிறி சத்தம் கேட்டது. வேகமாக ஓடுவதால் என்று நினைத்தேன்.

ஏன் மூன்று என்று கேட்காதே. இந்த வீட்டில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் அடிக்கிறவர் இல்லை, உனக்குத் தெரியும். பேச மாட்டார். கல்யாணமான புதிதில் ஒருமுறை நாற்பத்தொரு நாள் பேசாமல் இருந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
மாதவி


கிள்ளான்,
15 டிசம்பர் 2024

திரு. சுகுமாறன் அவர்களுக்கு,

28.7.2024 அன்று சுகுமாறன் அவர்களின் கம்ப்யூட்டரில் நானே கவனக்குறைவாக 1.48 வோல்ட் வைத்தேன். தம்புசாமி வீட்டுக் கல்யாணப் படம் கெட்டதற்கு நானே பொறுப்பு.

பிரவின்
(கடை முத்திரை)


பிரிக்ஃபீல்ட்ஸ்,
22 டிசம்பர் 2024

பிரவினுக்கு,

எல்லாரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், பாரம் இறங்கியிருக்குமே.

மூன்று மாதம் என்னை அலைய விட்டு, கடைசியில் ஒப்புக்கொண்டாய். இதை முதல் நாளே செய்திருந்தால் நானும் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நேற்று மாதவியையும் மலரையும் கூட்டிக்கொண்டு டெங்கில் போனேன். தம்புசாமி வீட்டுக் கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். உன் தாளை நின்றுகொண்டு சத்தமாக வாசித்தேன். சம்பந்தியம்மா காபி கொடுத்தார். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் படமெடுத்துப் போட்டேன். உன்னிடம் புது மெஷின் கட்டச் சொல்லலாமா என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார், வேண்டாம் என்றேன். அது என் கடமை.

சொன்ன சொல்லை நான் காப்பாற்றுகிறவன். வாசுவிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிப்ரவரி 2, காலை ஒன்பதுக்கு இங்கே இரு. வேட்டி கட்டி வா. தம்புசாமியையும் அழைத்திருக்கிறேன். யாரிடமும் நியாயம் பேசாதே. உட்கார், குத்தி முடிந்ததும் எழுந்து போய்விடு.

சுகுமாறன்


பிரிக்ஃபீல்ட்ஸ்,
12 ஜனவரி 2025

என்னங்க,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு உங்களுக்குக் கடிதம் எழுதுவேன் என்று நினைக்கவில்லை. எழுத்தில் இருந்தால் மாற்ற முடியாது என்று நீங்கள்தானே சொல்வீர்கள். மலருக்கும் எனக்கும் உடம்பு நலம். உங்களுக்கு மூன்று நாளைக்கு ரசமும் சம்பலும் பிரிட்ஜில் இருக்கிறது.

ஆகஸ்ட் 18 அன்று நீங்கள் சுபாங் ஜெயா கல்யாண மண்டபத்திலிருந்து எனக்குப் போன் செய்தீர்கள். "இன்னுமா முடியல? என்னா பண்ற நீ?" என்று கத்தினீர்கள். மெதுவாக ஓடுகிறது என்றேன். "செட்டிங்ல போயி மூணாவத ஏத்து, அதான் வேகம்" என்றீர்கள். இரண்டாவது இல்லையா என்று கேட்டேன். "மூணுதான்! எனக்குத் தெரியாதா, உனக்குத் தெரியுமா?" என்றீர்கள். ஏற்றினேன். நீங்கள் மறந்துவிட்டீர்களா, மறந்த மாதிரி இருந்தீர்களா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு கடிதம் எழுதி முடித்ததும் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். ஒவ்வொரு முறையும் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். நீங்கள் கவரை ஒட்டுவீர்கள்.

பிரவினிடம், ஏற்றியது நான் என்று மட்டும் சொன்னேன். உங்கள் பேரைச் சொல்லவில்லை. அவனைப் பொய் எழுதச் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. அந்தப் பாவம் என்னுடையது. டெங்கிலில் நீங்கள் அந்தத் தாளை வாசித்தபோது நான் பக்கத்தில் பிள்ளையோடு நின்றேன். அவன் கையெழுத்து கோணலாக இருந்தது. அப்பா இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோது போட்ட கையெழுத்து மாதிரியே இருந்தது. நீங்கள் காபி குடித்தீர்கள். என் தம்பியை இருபது பேர் முன்னால் கீழே போட்டு மிதித்துவிட்டுச் சர்க்கரை கொஞ்சம் கம்மி என்று சொன்னீர்கள்.

இன்று காலை தம்புசாமி அங்கிளிடம் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன். குடும்பக் குழுவிலும் எழுதிவிட்டேன். மலரைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போகிறேன். காது குத்து அதே நாள், அதே நேரம், பிரவின் கடைக்கு மேலே இருக்கிற வீட்டில். நீங்கள் நாற்பத்தொரு நாள் பேசாமல் இருங்கள், நூறு நாள் இருங்கள். எனக்கு இப்போது பயம் இல்லை.

மாதவி


பிரிக்ஃபீல்ட்ஸ்,
24 ஜனவரி 2025

பிரவினுக்கு,

நலம் என்று எழுத ஆரம்பித்து இரண்டு தாள் கிழித்துவிட்டேன்.

மாதவி போனை எடுக்கவில்லை. நேரில் வர எனக்கு முகம் இல்லை. வந்தாலும் நீ கதவைத் திறப்பாயா என்று தெரியாது.

மூன்று என்று நான்தான் சொன்னேன். உனக்கு முதல் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது ஞாபகம் வந்தது. தபால் பெட்டிக்கும் வீட்டுக்கும் நடுவில், பாதி வழியில். அப்போதே திரும்பியிருக்கலாம். உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தப்பு செய்தவன் நீ என்று, கடிதத்தை எழுதி முடித்த கையோடு தம்புசாமியிடம் போனில் சொல்லியாயிற்று. அப்புறம் நீ எழுத எழுத எனக்குக் கோபம் வந்தது. உண்மை உன் பக்கம் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாதவியும் மறந்திருப்பாள் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன்.

மன்னிப்பு கேட்க எனக்குப் பழக்கம் இல்லை. எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை.

மடி உன்னுடையது. அதில் பேச்சில்லை. அன்று நான் வரலாமா? வந்தால் எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் எழுது. வாசலில் நில் என்றால் வாசலில் நிற்கிறேன்.

சுகுமாறன்


கிள்ளான்,
28 ஜனவரி 2025

மாமா,

அக்கா நலம். மலர் நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவே கூடாது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கசக்கிக் குப்பையில் போட்டேன். அக்கா எடுத்து நீவிப் படித்தாள். மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் நிற்க வை என்று அவள் சொல்லியிருந்தால் சந்தோஷமாக நிற்க வைத்திருப்பேன். தெருவில் நிற்க வைத்திருப்பேன். கடையில் ஒரு மாதமாக ஈ ஓட்டிக்கொண்டு இருக்கிறேன். வந்தவன் ஒருவன், "பாஸ், நீங்கதானே அந்த 1.48?" என்று சிரித்துவிட்டுப் போனான். நீங்கள் எழுதிய நாலு வரியில் அதெல்லாம் போய்விடும் என்று நினைத்தால் அது உங்கள் கனவு.

ஆனால் நேற்று காது குத்துகிற பத்தர் வந்து பிள்ளையின் காதைப் பார்த்தார். புள்ளி வைக்கத் தொட்டதற்கே கத்தினாள். நான் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கதவுப் பக்கமே தேடினாள். யாரைத் தேடினாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணி. நேரத்துக்கு வாருங்கள். என்னோடு பேச வேண்டாம். எனக்கு நேர் எதிரே, பிள்ளை கண்ணில் படுகிற மாதிரி நில்லுங்கள். குத்தும்போது அவள் உங்களைத்தான் பார்ப்பாள்.

பிரவின்